வால்வு ஸ்பிரிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை நீங்கள் அறிவீர்கள். நெம்புத் தகடுகள் கொண்ட பூட்டில், அத்தகடுகளை அழுத்திப் பிடிக்கச் சிறு ஸ்பிரிங்குகள் இருக்கும். நாளொன்றுக்குப் பத்து முறை திறந்தாலும், அவை ஒரு லட்சம் முறை வளைய 27 ஆண்டுகள் ஆகும். அதே ஊர்த் தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அந்த ஒரு லட்சத்தை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது!

கணக்கு எளியது. நான்கு வீச்சு என்ஜின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும்போது, கேம் தண்டு 3,000 முறை சுழல்கிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங்.

மாற்றியமைத்தால் என்ன ஆகும்?

பந்தயத்திற்காக என்ஜினை மாற்றியமைப்போர் பொதுவாக இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். வால்வை மேலும் உயரமாகத் திறக்கும் கேமைப் பொருத்துகிறார்கள். சுழற்சி வேகத்தையும் கூட்டுகிறார்கள். இரண்டின் சுமையும் ஸ்பிரிங்கின் தலையில்தான் விழுகிறது.

வால்வைக் கேமோடு ஒட்டி வைக்கத் தேவையான விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 6,000 சுற்று 7,200 ஆனால் வேகம் 20 விழுக்காடுதான் கூடுகிறது. தேவையான விசையோ 44 விழுக்காடு கூடிவிடுகிறது. ஸ்பிரிங்கால் அதைத் தர இயலாவிட்டால், வால்வு கேமை விட்டு விலகி மிதக்கும். உரிய நேரத்தில் மூடாது. பல என்ஜின்களில், மேலே வரும் பிஸ்டன் அதன்மீது மோதிவிடும்.

உலோகக் களைப்பு மற்றோர் ஆபத்து. ஓர் எல்லைக்கு உட்பட்ட தகைவில் இயங்கும் நல்ல எஃகு ஸ்பிரிங், ஒரு கோடி முறை அழுந்திய பின்னும் முறிவது அரிது. தயாரிப்பாளர்கள் அந்த எல்லைக்குள்ளேயே வடிவமைக்கிறார்கள். ஆகவேதான் சாதாரண வாகனத்தில் ஸ்பிரிங் பல்லாண்டு உழைக்கிறது. உயரமான கேம், தகைவை அந்த எல்லைக்கு மேல் தள்ளிவிட்டால், ஸ்பிரிங்கின் ஆயுள் எண்ணப்பட்டதாகிவிடுகிறது. 6,000 சுற்றில் ஒரு கோடி என்பது ஏறத்தாழ 55 மணி நேர ஓட்டமே!

சோதிக்க வேண்டிய வேளைகள்

கேமை மாற்றும்போதே ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பந்தயத்தில் ஓடிய என்ஜினை ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் பாருங்கள். என்ஜின் அளவுமீறிச் சூடேறினாலும் சோதனை தேவை.

தவறான கியர் விழுந்து வேகம் எகிறினாலும் அப்படியே. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பாதையிலோ, விரைவாக வரும்போது திடீரெனத் தாழ்ந்த கியருக்கு மாற்றினால், சக்கரமே என்ஜினைச் சுழற்றும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்தும். சக்கரத்தின் உந்தலை நிறுத்தாது.

உயர் வேகத்தில் மட்டும் ஆற்றல் திடீரெனக் குறைவதும் என்ஜின் விட்டுவிட்டு வெடிப்பதும் முன்னறிகுறிகள். ஆனால் களைத்த ஸ்பிரிங் அறிகுறி காட்டாமலும் முறியலாம்.

எப்படிச் சோதிப்பது?

கழற்றிய ஸ்பிரிங்கின் நீளத்தை வெர்னியர் அளவியால் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மூலைமட்டத்தின் அருகே நிறுத்திச் சாய்வைப் பாருங்கள். பின்னர் ஸ்பிரிங் சோதனைக் கருவியில், குறிப்பிட்ட உயரத்திற்கு அழுத்தி விசையை அளவிடுங்கள். நீளம் சரியாக இருந்தும் விசை தளர்ந்திருக்கலாம்; ஆகவே இந்த மூன்றாம் சோதனையைத் தவிர்க்கலாகாது. விசை பத்து விழுக்காடு குறைந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

கம்பியில் துருப்புள்ளியோ கீறலோ தென்பட்டால் தயங்க வேண்டாம். விரிசல் அங்கேதான் தொடங்கும். வால்வு முழுதும் திறந்த நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டவும் கூடாது. ஒன்று பழுதானால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். உடன் உழைத்தவையும் அதே அளவு களைத்திருக்கும் அல்லவா?

அளவுக்கு மீறி வலுவான ஸ்பிரிங்கும் தீதே. அது கேமையும் வால்வு இருக்கையையும் விரைவில் தேய்க்கும். இச்சிக்கலைத் தவிர்க்கவே 1986-இல் ரெனோ நிறுவனம், ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்தியது.

மாற்றியமைத்த என்ஜினுக்கு உரிய இடம், கோவையின் கரி பந்தயத் தடம் போன்ற மூடிய களமே. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

புதிய ஸ்பிரிங்கைப் பொருத்திய நாளன்றே அதன் நீளத்தையும் விசையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்து வாருங்கள். வால்வு, பிஸ்டன், சிலிண்டர் தலை ஆகியவற்றின் விலையோடு ஒப்பிட்டால், ஸ்பிரிங்கின் விலை மிகச் சிறிது.