பெயர் ஒன்று, இடம் இரண்டு

அலுவலகத்தின் பிரதான சர்வர் அறையில் தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும், வேறோர் ஊரில் அதன் மறுபிரதி ஒன்று சதா ஆயத்தமாக இருக்கிறது என்று நிர்வாகிகள் சொல்லும்போது கேட்பவர்களுக்கு நிம்மதி உண்டாவது சகஜமே. ஆயினும், மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பதியும் சிப்பந்தியின் கம்ப்யூட்டர் அந்த இரண்டாவது இடத்திற்கு வழி கண்டுபிடிப்பது எவ்விதம் என்று அவர்களில் அநேகர் கேட்பதில்லை. சங்கடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று அடைவது ஐ.பி. எண்களைக் கொண்டு. அந்த எண்கள் மனிதர் நினைவில் தங்காதவை என்பதால், 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர் வகுத்த டி.என்.எஸ். முறை, பெயரைச் சொல்லிக் கேட்டால் எண்ணை எடுத்துக் கொடுக்கும் காரியத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே பிரதான சர்வர் வீழ்ந்த சமயத்தில், பெயருக்கு எதிரே உள்ள பழைய எண்ணை நீக்கி மாற்று சர்வரின் எண்ணைப் பதிந்துவிட்டால், ஆயிரம் பேர் வேலை செய்யும் காரியாலயமானாலும் ஒருவரும் தம் கம்ப்யூட்டரில் எதையும் தொடாமலே புதிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கேட்பதற்கு இவ்வளவு சுலபமான இந்தக் காரியத்தைக் கெடுப்பது கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி. ஒரு தடவை விசாரித்தறிந்த எண்ணை அது தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை, டி.டி.எல். என்ற பெயரில் அந்தப் பதிவோடு சேர்ந்து வரும் கெடு நிர்ணயிக்கிறது. அங்கே 86,400 விநாடி என்று எழுதியிருந்தால், வீடு மாறிப்போனவரின் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும் உறவினரைப்போல, கம்ப்யூட்டர் ஒரு நாள் வரைக்கும் செத்துப்போன சர்வரையே அழைத்துக்கொண்டிருக்கும். 300 விநாடி என்றிருந்தால் ஐந்து நிமிஷத்தில் திரும்பவும் விசாரிக்கும். விபத்து நேர்ந்த பின் அவசர அவசரமாகக் கெடுவைக் குறைப்பதில் பிரயோஜனம் இல்லை. பழைய பதிவை முன்னரே வாங்கிக்கொண்டவை பழைய கெடுவின்படிதான் நடக்கும்.

இதைவிட உபத்திரவமானது பெயரை விட்டுவிட்டு எண்ணையே நேராக எழுதிவைக்கும் வழக்கம். எவரோ ஒருவர் என்றோ ஒரு நாள் அவசரத்தில் ஷார்ட்கட்டிலும், ஸ்கேனர் அமைப்பிலும், எக்ஸெல் தாளின் இணைப்பிலும் ஐ.பி. எண்ணைப் பதிந்துவிட்டுப் போயிருப்பார், டி.என்.எஸ்.ஸில் என்ன திருத்தம் செய்தாலும் அவற்றுக்கு எட்டாது. பழைய சர்வர் பாதி உயிரோடிருந்தாலோ ஆபத்து இரட்டிப்பாகும்: சிலர் அங்கும் சிலர் இங்கும் பதிந்த கணக்குகளைப் பிற்பாடு ஒன்றாக்குவது பிரம்மப் பிரயத்தனம். ஆகையால் வழியைத் திருப்புமுன் பழையதன் வாசலை அடைப்பதே விவேகம்.

வழி இருந்தும் போகத் துணியாத சந்தர்ப்பமும் உண்டு. 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி, தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு நேர்ந்ததை அடுத்து, மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை காலை 11.40 மணிக்கு வியாபாரத்தை நிறுத்தி, மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. அதன் மாற்று நிலையம் சென்னையில் இருந்தது. ஆயினும் வியாபாரம் அங்கே மாற்றப்படவில்லை. அடுத்த மாதமே, சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி, பங்குச் சந்தை போன்ற ஸ்தாபனங்களின் முக்கிய அமைப்பு பழுதுபட்டால் 30 நிமிஷத்துக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிஷத்துக்குள் பணி மீள வேண்டும் என்று விதித்தது. தயங்குவதற்கும் கெடு வைத்த அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். இயந்திரம் திரும்புவதற்கு ஆகும் நேரத்தைவிட, திருப்பலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் யோசிப்பதில் கழியும் நேரமே பல இடங்களில் அதிகம்.

பின்னர் 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று, அதே சந்தை காலையில் பிரதான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரமும், பிறகு மாற்று நிலையத்திலிருந்து ஒரு மணி நேரமும் மெய்யான வியாபாரத்தையே நடத்திப் பார்த்தது. வாசகர்கள் தம் காரியாலயத்துக் கம்ப்யூட்டர் பிரிவினரைக் கேட்க வேண்டியதும் இதுவே: மாற்று சர்வர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஊழியர்கள் அனைவரும் அதில் கடைசியாக வேலை பார்த்தது எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.