ஸ்டுவேட்: பதவிப்பெயர் குலப்பெயரான வரலாறு

உயர்குடிப் பெயர்களை இரத்தத்தோடு பிணைத்து நோக்குவது பழைய வரலாற்றாசிரியர் பலரின் வழமையாகும். ஆயின் அப்பெயர்களின் பிறப்பை ஆராயுமிடத்து, அவற்றுட் பல இடத்தையோ தொழிலையோ குறித்தெழுந்தவை என்பது புலனாகும். 1371இல் ஸ்கொட்லாந்தின் அரியணையையும் 1603இல் இங்கிலாந்தின் முடியையும் எய்திய ஸ்டுவேட் குடியின் பெயர் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இச்சொல்லின் மூலம் பழைய ஆங்கிலத்து 'ஸ்டிக்வேட்' என்பதாம். 'ஸ்டிக்' இல்லத்தையும் 'வேட்' காவலனையும் சுட்டின. 'பன்றிப்பட்டி காப்போன்' என இதற்குப் பொருள் கூறுவாருமுளர். அதற்குச் சொல்லாய்வில் ஆதாரமில்லை. தலைவனது இல்லத்தின் உணவையும் வருவாயையும் ஏவலரையும் மேற்பார்த்த காரியத்தரே இப்பெயர் பெற்றனர்.

இக்குடியின் முன்னோர் பிரான்சின் பிரித்தானி நாட்டிலுள்ள டோல் என்னுமிடத்தில் இத்தகைய பதவி வகித்தோராவர். அவர் வழிவந்த வோல்ட்டர் பிட்ஸ் அலன், முதலாம் டேவிட் மன்னன் காலத்தில் (1124-1153) ஸ்கொட்லாந்து சென்று அரச காரியத்தரானார். ரென்புறூ, பேஸ்லி முதலிய இடங்களில் நிலங்களும் அவருக்குக் கிடைத்தன. அடுத்த மன்னனான நான்காம் மல்கம் இப்பதவியைப் பரம்பரை உரிமையாக்கினான். நிலமும் பதவியும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றமையாலேயே, 13ஆம் நூற்றாண்டளவில், பதவிப்பெயர் குலப்பெயராக உறைந்தது எனலாம். நிலமானிய அமைப்பின் இயல்பை இங்கு நாம் தெளிவாகக் காண்கிறோம்.

1315இல் ஆறாம் காரியத்தர் வோல்ட்டர், மன்னன் றொபேட் புறூசின் மகள் மார்ஜரியை மணந்தார். அவர்தம் மைந்தனே 1371இல் இரண்டாம் றொபேட்டாக முடிசூடினான். பிரான்சில் வளர்ந்த மேரி அரசியின் காலத்தில், 'டபிள்யூ' எழுத்து வழங்காத பிரெஞ்சு மொழிக்கேற்பப் பெயரின் எழுத்துவடிவமும் மாறிற்று. அதன்பின் பழம்பொருள் மேலும் மறைந்தது.

மேரியின் மைந்தன் ஜேம்ஸ், மன்னருரிமை இறைவன் தந்ததென வாதிட்டான். அவன் மகன் முதலாம் சாள்ஸ் 1649இல் விசாரிக்கப்பட்டபோதோ, சட்டத்தின்படி ஆளுமாறு வரையறுத்த அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவன் என்றே குற்றப்பத்திரம் அவனைக் குறித்தது. ஒப்படைக்கப்பட்டதற்குக் கணக்குக் கூற வேண்டியவனே காரியத்தன். குலப்பெயர் மறைத்த அப்பொருளையே அக்குற்றப்பத்திரம் மீண்டும் வெளிக்கொணர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.