தொலைதூரப் பள்ளியின் வாசகர்கள்

தென் பிரான்சில் பார்-சூர்-லூ என்ற மலையோர ஊருக்கு 1920-இல் ஆசிரியராக வந்த செலஸ்தேன் ஃப்ரெனேயால் நெடுநேரம் பேச முடியாது. முதல் உலகப் போரில் குண்டடி பட்டு நுரையீரல் கெட்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்த இயலாத அவர், 1924-இல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் கண்டதையும் கேட்டதையும் எழுதினார்கள். இடவலம் மாறியிருக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தினார்கள். நாலு வரி அச்சேற அரை நாளே ஆனாலும், ஒரு எழுத்துப் பிழைகூடக் கண்ணுக்குத் தப்பாது.

1926-இல் இந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், அட்லாண்டிக் கரையில் இருந்த ட்ரெகன் ஊர்ப் பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கே ரெனே தானியேல் என்ற ஆசிரியரும் அச்சு வைத்திருந்தார். கடலோரப் பிள்ளைகள் பதிலுக்குத் தங்கள் ஊரை அச்சடித்து அனுப்பினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் போக்குவரத்துதான். படிக்கப் போகிறவன் நம் ஊரைக் கண்டதே இல்லை என்னும்போது, "எங்கள் ஊர் அழகானது" என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டு எழுந்துவிட முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அப்பாவுக்கு என்ன கூலி என்றெல்லாம் விளக்கியாக வேண்டும். சமூகப் பிரச்சினை என்று தனியாக யாரும் தலைப்புக் கொடுக்கவில்லை. எழுதும்போது அது தானாக வந்து நின்றது.

ஊர்ப் பெரியவர்களுக்கு அது கசந்தது. ஃப்ரெனே பின்னர் வேலை பார்த்த சேன்-போல் ஊரில், மேயரைக் கொல்வதாகக் கனவு கண்டதை ஒரு பிள்ளை எழுத, 1932 டிசம்பரில் எதிரிகள் அதைச் சுவரொட்டியாக்கி ஒட்டினார்கள். தகராறு முற்றி, மறு ஆண்டே அவர் அரசுப் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1935-இல் வான்ஸில் சொந்தப் பள்ளி தொடங்கினார்.

அதே பொறி இத்தாலியிலும் பற்றியது. டஸ்கனி மலையில் பார்பியானா என்ற குக்கிராமத்தில் பாதிரியார் லொரென்ஸோ மிலானியின் பள்ளிப் பிள்ளைகளும், பியாதெனா பக்கம் மரியோ லோதியின் வகுப்புப் பிள்ளைகளும் 1963-இல் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். பார்பியானாவில் கடிதம் எழுதும் விதமே தனி. தோன்றியதை ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டுகளில் எழுதுவார்கள். சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றுபோல இருப்பவற்றைக் கழித்து, மிச்சத்தை வகை பிரிப்பார்கள். பிறகு வரி வரியாக வாதம். வேண்டாத சொல் ஒன்றுகூட நிற்காது. இப்படிப் பழகியவர்களில் எட்டு பேர் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளைத் தோற்கடித்து வெளியேற்றும் பள்ளி முறையின் மேல் எழுதிய குற்றப்பத்திரிகைதான் 1967-இல் வந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'.

இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. ஊடகக் கல்விக்கென்றே பிரான்சில் 1983-இல் கிளெமி என்ற அரசு அமைப்பு வந்தது. 2015 ஜனவரியில் சார்லி ஹெப்தோ இதழ் தாக்கப்பட்ட பிறகு பள்ளி இதழ், பள்ளி வானொலிக்கு இன்னும் ஊக்கம் கிடைத்தது. நாடு கடந்து பள்ளிகளைச் சேர்க்க ஐரோப்பிய ஆணையம் 2005-இல் ஈட்வின்னிங் தளத்தைத் தொடங்கியது. காலையில் செல்பேசியில் எடுத்த படத்தை மாலைக்குள் தொகுத்து அனுப்பிவிடலாம். பேனா பிடிக்கத் திணறும் பிள்ளை ஒலிவாங்கி முன்னால் சரளமாகப் பேசுவது பெரிய லாபம். பிள்ளையின் முகத்தைக் காட்டப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்பதும் நல்ல மாற்றம்தான்.

ஆனால் பள்ளிகளில் எத்தனையோ படங்கள் போட்டி நடுவருக்காகவே எடுக்கப்படுகின்றன. பரிசு அறிவித்ததும் கதை முடிந்துவிடுகிறது. இதுதான் எனக்குத் தாளவில்லை. குப்பைக்கிடங்கைப் பற்றி ஒரு பள்ளி படம் எடுத்தால், அது முதலில் வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மழைக்காலத்தில் அங்கே என்ன ஆகும், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் பேசவில்லை என்று அவர்கள் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தேடி இவர்கள் மறுபடியும் கிடங்குக்குப் போக வேண்டும்.