மலிவு டயரா? மதிப்பு டயரா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)

"ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம்" என்று ஒரு பழமொழி உண்டு. லட்சக்கணக்கில் கடன் போட்டு கார் எடுத்தவர்கள், நாலு டயர் மாற்றும் நாள் வந்ததும் "இருக்கறதுலயே சல்லிசா எது?" என்று கேட்பதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வரும். இதற்கு மறுபக்கமும் உண்டு. "இது ஃபாரின் கம்பெனி சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று கடைக்காரர் சொன்னதும், நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள். முதல் ஆள் விலையைப் பார்க்கிறார், இரண்டாவது ஆள் பெயரைப் பார்க்கிறார். டயரை இரண்டு பேருமே பார்ப்பதில்லை!

நண்பர்களே, டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்தாலே போதும். சித்தப்பா முதல் தெருமுனை டிராவல்ஸ் அண்ணன் வரை, "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? எந்த டயர் போடலாம், சொல்லு" என்று கேட்பார்கள். வாய்க்கு வந்த கம்பெனி பெயரைச் சொல்லாமல் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அஞ்சலட்டை அளவு ரப்பர்

இரண்டு பேர் உட்கார்ந்த ஒரு சிறிய காரின் எடை சுமார் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. டயரில் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 120 சதுர செ.மீ. வருகிறது. நம் தபால் அஞ்சலட்டையின் அளவு 14 × 9 செ.மீ., அதாவது 126 சதுர செ.மீ. ஆக, ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஓர் அஞ்சலட்டை அளவுக்குத்தான். பிரேக், ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். எல்லாமே அந்த நாலு அஞ்சலட்டை வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும்.

விலை ஏன் ஏறுகிறது?

டயரில் மூன்று குணங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். ஈரத்திலும் பிடிப்பு வேண்டும், சீக்கிரம் தேயக் கூடாது, உருளும்போது இழுவை குறைவாக இருக்க வேண்டும். ரப்பரை மெதுவாக்கினால் பிடிப்பு கூடும், தேய்மானமும் கூடும். கெட்டியாக்கினால் நெடுநாள் உழைக்கும், மழையில் வழுக்கும்.

டயரின் கறுப்பு நிறத்துக்குக் காரணம் ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக். 1992-ல் மிச்செலின் நிறுவனம் அதில் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்கா கலந்த கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரப் பிடிப்பைக் கெடுக்காமல் இழுவையைக் குறைக்க இது வழி செய்தது. ஆனால் சிலிக்கா ரப்பரோடு லேசில் ஒட்டாது. அதற்குத் தனி ரசாயனம், தனிப் பக்குவம் எல்லாம் வேண்டும். கூடுதல் விலையில் ஒரு பங்கு இந்தக் கலவைக்கும், பட்டன் அமைப்பின் ஆராய்ச்சிக்கும், சோதனைக்கும் போகிறது. இன்னொரு பங்கு விளம்பரத்துக்கும் பெயருக்கும் போகிறது என்பதையும் மறுக்க முடியாது.

நம் ஊரில் 'மலிவு' என்றால் என்ன?

டயர் விஷயத்தில் தமிழ்நாடு லேசுப்பட்ட ஊர் அல்ல. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மை பலூன் தொழில்தான் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்து, 1961-ல் டயர் தயாரிப்பில் இறங்கியது. இன்று நமக்குப் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரிலேயே அதன் ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் என்று வரிசையாகச் சொல்லலாம்.

வெளிநாடுகளில் 'பட்ஜெட் டயர்' என்றால் பெயர் தெரியாத இறக்குமதிச் சரக்கு என்று பொருள். இங்கே 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கார் டயருக்கு ஐ.எஸ். 15633 தரப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2022 ஜூனில் வந்த அறிவிப்பு ஈரப் பிடிப்பு, உருளும் இழுவை, சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்தது. எனவே நல்ல கடையில் பில்லோடு வாங்கும் புது உள்நாட்டு டயர் விலை குறைவாக இருந்தாலும் குப்பை இல்லை.

ஆபத்து வேறு மூன்று 'மலிவு'களில்தான் இருக்கிறது. முதலாவது, குடோனில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய ஸ்டாக். இரண்டாவது, யாரோ ஓட்டிக் கழித்த செகண்ட் ஹேண்ட் டயர். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுசாகக் கோடு வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு வைத்தால் பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே கம்பி வெளியே வரக் காத்திருக்கும். மூன்றாவது, ரீட்ரெடிங். "பஸ்சுக்கே ரீட்ரெடிங்தானே போடறாங்க?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பஸ், லாரி டயரின் உடல் கனமானது, மறுபடி பட்டன் ஒட்டுவதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. கார் டயரின் பக்கச்சுவர் மெல்லிசு. ஒரு முறை உழைத்துத் தீர்வதற்கென்றே செய்தது.

மழை நாள் கணக்கு

நமக்கு உளுந்தூர்ப்பேட்டை – சேலம் நெடுஞ்சாலைதான் உயிர்நாடி. தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று எல்லாப் பயணமும் அதில்தான். கரும்பு டிராக்டர் திடீரென்று குறுக்கே திரும்பும். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

முதலாண்டு இயற்பியலில் படித்ததுதான். நிற்கும் தூரம் வேண்டுமென்றால், வேகத்தின் வர்க்கத்தை 2 × உராய்வுக் குணகம் × 9.81 என்பதால் வகுக்க வேண்டும். வேகம் மணிக்கு 80 கி.மீ., அதாவது விநாடிக்கு 22.2 மீட்டர். ஈர ரோட்டில் நல்ல டயரின் குணகம் 0.7 என்றும், மட்டமான டயரின் குணகம் 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கார் 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் நிற்க 50 மீட்டர் ஆகும்.

"பதினாலு மீட்டர்தானே?" என்று தோன்றும். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் என்ன வேகத்தில் கடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு சுமார் 43 கி.மீ.! அந்த இடத்தில் ஒரு டிராக்டரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ இருந்தால், ஒரு கார் தொடாமல் நிற்கிறது, இன்னொரு கார் 43 கி.மீ. வேகத்தில் மோதுகிறது. இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஐரோப்பாவில் 2012-ல் வந்த டயர் தரச்சீட்டின்படி, ஈரப் பிடிப்பில் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் 80 கி.மீ. வேகத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும்.

தேங்கிய தண்ணீரில் இன்னொரு சங்கதி. பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. தள்ள முடியாமல் போனால் டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கும், அப்புறம் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம்தான். விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்ட சூத்திரத்தின்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 91 கி.மீ., 20-க்கு இறங்கிவிட்டால் சுமார் 75 கி.மீ. காரில் இது அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு இதுதான். பட்டன் மொட்டையானால் நிலைமை இன்னும் மோசம். எனவே தேய்ந்துபோன விலை உயர்ந்த டயரை விட, பட்டன் முழுசாக உள்ள புது மலிவு டயர் மழைத் தண்ணீரில் மேல்!

கல்வராயன் மலை ஏறும்போது

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது வேகம் தானாகவே குறைந்துவிடும். அதனால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கக் கூடாது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். குணகம் 0.7 என்றால் சுமார் 36 கி.மீ. வேகம் வரை டயர் பிடித்துக்கொள்ளும். 0.5 என்றால் 31 கி.மீ.தான். இடையில் வெறும் 5 கி.மீ. இறங்கும்போது வளைவிலேயே பிரேக்கும் போட்டால், இருக்கிற பிடிப்பை இரண்டு வேலைக்குப் பங்கு போட வேண்டும். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று அனுபவசாலி டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டே டயர் வாங்கக் காசு இருந்தால் எங்கே மாட்டுவது? "இன்ஜின் முன்னாடிதானே இழுக்குது, முன்னாடி போடு" என்பார்கள். தவறு. புது ஜோடி பின்சக்கரத்துக்குத்தான். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். மலை ரோட்டில் சுற்றினால் போய் நிற்க இடம் ஏது?

காசுக் கணக்கு

புரிவதற்காக ஓர் உதாரணம். மலிவு டயர் ஒன்று 4,000 ரூபாய், 35,000 கி.மீ. உழைக்கிறது. விலை டயர் 5,500 ரூபாய், 45,000 கி.மீ. உழைக்கிறது. நாலு டயருக்குக் கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 46 பைசா, 49 பைசா. வருஷம் 12,000 கி.மீ. ஓடினால் வித்தியாசம் ஏறக்குறைய 380 ரூபாய், நாளைக்கு ஒரு ரூபாய்! உருளும் இழுவை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் வரை மிச்சமாகும். லிட்டருக்கு 18 கி.மீ. தரும் காரில் 1 சதவீதம் என்றாலே வருஷத்துக்கு ஆறேழு லிட்டர். அந்த 380 ரூபாய் அதிலேயே திரும்பிவிடும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது கல்யாணத்துக்கும் போய் வருஷம் 4,000 கி.மீ. மட்டும் ஓடும் கார் என்றால் கணக்கு தலைகீழ். 35,000 கி.மீ. முடியவே ஒன்பது வருஷம் ஆகும். அதற்குள் வெயிலில் ரப்பர் கெட்டித்து வெடிப்பு விட்டுவிடும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்லும் கம்பெனிகள், பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டாதே என்கின்றன. இப்படிப்பட்டவர் விலை டயரின் கூடுதல் உழைப்புக்குப் பணம் கொடுப்பது வீண். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிடிப்புக்கென்றே செய்த சில விலை டயர்கள் சீக்கிரமே தேயும். விலை கூடினால் ஆயுளும் கூடும் என்று எழுதி வைக்கவில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

1. தயாரிப்புத் தேதி: பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். வருஷக்கணக்கில் பழசு என்றால், 'வேற எடுங்கண்ணே' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

2. அளவு: 165/80 ஆர் 14 என்றால் அகலம் 165 மி.மீ., பக்க உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 14 அங்குலம். அடுத்து வரும் 85 என்பது 515 கிலோ சுமையையும், 'டி' என்ற எழுத்து 190 கி.மீ. வேக வரம்பையும் குறிக்கும். கார் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

3. தேய்மானக் குறி: பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மி.மீ.தான். காருக்குச் சட்டப்படி அதுவே கடைசி. மழைக் காலத்துக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுவது நல்லது.

4. ஒரே அச்சில் இரண்டு வகை டயர் வேண்டாம். மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் பாருங்கள். மாதம் இரண்டு முறை, டயர் சூடாவதற்கு முன் காத்து பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு எது?

டவுனுக்குள் மெதுவாக, குறைவாக ஓடும் வண்டிக்கு: தேதி புதிதான, விலை குறைந்த உள்நாட்டு டயர் தாராளமாகப் போதும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு: ஈரப் பிடிப்புக்குப் பேர்பெற்ற, ஒரு படி உயர்ந்த டயர். மலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வாடகை வண்டிக்கு: கட்டாயம் நல்ல டயர், அதுவும் தேய்மானக் குறிக்கு முன்பே மாற்ற வேண்டும். ஏனென்றால் வெள்ளிமலையிலிருந்து பிரசவத்துக்காகவோ காய்ச்சலுக்காகவோ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கும் குடும்பம் அந்த டயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தவர் வண்டிக்காரர். அவருக்கு யோசனை சொன்னது, ஒருவேளை, டிப்ளமோ படித்த நாமாக இருக்கலாம்.

விலை டயருக்குக் காசு இல்லையென்றால் கவலை வேண்டாம். புது மலிவு டயர் போட்டு, காத்தைச் சரியாக வைத்து, மழையில் பத்து கி.மீ. வேகம் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்டும் மொட்டை டயரும் மட்டும் எந்த விலையிலும் வேண்டாம். இனி யாராவது "எந்தக் கம்பெனி போடலாம்?" என்று கேட்டால் பெயரைச் சொல்லுமுன், "வருஷத்துக்கு எவ்வளவு ஓடும்? எந்த ரோட்டில் ஓடும்? எத்தனை பேர் ஏறுவாங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடை தானாக வந்துவிடும்.