மொபைல்ல ஒரு காலண்டர், லேப்டாப்ல ஒரு காலண்டர்... ரெண்டையும் ஒண்ணா சேர்ப்பது எப்படி?

போன வருஷம் அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷன் முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு செக்கப்புக்கு வரச் சொன்னார் டாக்டர். அவர் சொல்லி முடிப்பதற்குள் மொபைலை எடுத்து காலண்டரில் போட்டுவிட்டேன். பொறுப்பான பிள்ளைன்னு எனக்கே ஒரு பெருமை.

திங்கள்கிழமை ஆபீஸில், "நாளைக்கு 11 மணிக்கு ஃப்ரீயா?" என்று கேட்டார்கள். லேப்டாப் காலண்டரைத் திறந்து பார்த்தேன். காலி. "ஃப்ரீதான்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் 10.30-க்கு மொபைல் அலறியபோது நான் மீட்டிங் ரூமில் இருக்கிறேன். அப்பா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபைலை மடியில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் மறக்கவில்லை, ஒழுங்காகத்தான் எழுதி வைத்தேன். ஆனால், எழுதின இடம் வேறு, பார்த்த இடம் வேறு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எழுத ஓர் இடம், பார்க்கப் பல இடம்

நம் வீட்டுச் சுவரில் தொங்கிய மாத காலண்டரை நினைத்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் வந்த தேதி, பால் வராத நாள், சீட்டுப் பணம், அத்தை வீட்டு கிரகப்பிரவேசம் எல்லாம் அதே கட்டங்களில்தான் இருக்கும். யார் எழுதினாலும் அதில்தான் எழுதுவார்கள். யார் பார்த்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள். குழப்பத்துக்கு வழியே இல்லை.

இப்போது மொபைலோடு வந்த காலண்டர் ஒன்று, கூகுள் காலண்டர் ஒன்று, ஆபீஸ் அவுட்லுக் ஒன்று என ஒரே ஆளுக்கு மூன்று சுவர்கள். 'சின்க்' என்பது இவை மூன்றையும் அழித்து ஒன்றாக்குவது இல்லை. ஒன்றில் எழுதினால் மற்றவற்றிலும் தெரியும்படி செய்வது. அதனால், எந்த செட்டிங்ஸையும் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முடிவு எடுங்கள்: என் சொந்த விஷயங்களை இனிமேல் எந்தக் காலண்டரில் எழுதப்போகிறேன்? அதுதான் உங்கள் தாய் காலண்டர். ஆண்ட்ராய்டு மொபைல் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் காலண்டர் வசதி. வீட்டில் எல்லாமே ஆப்பிள் என்றால் ஐகிளவுட் போதும்.

ஆப் வேறு, அக்கவுன்ட் வேறு

நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான். மொபைலில் நீங்கள் திறக்கும் காலண்டர் ஆப் வெறும் ஜன்னல். நீங்கள் எழுதுவது உண்மையில் சேமிக்கப்படுவது ஏதாவது ஓர் அக்கவுன்ட்டில். சில மொபைல்களில் புதிதாக ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்கும்போது, அது எந்த அக்கவுன்ட்டுக்கும் போகாமல் மொபைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மொபைல் தொலைந்தால் அதுவும் போச்சு. லேப்டாப்பில் தெரியவே தெரியாது. அப்பாவின் செக்கப்பை நான் இப்படித்தான் சேமித்திருந்தேன்.

உங்கள் மொபைலில் இப்போதே ஒரு நிகழ்ச்சியைத் திறந்து, அதில் எந்த மெயில் ஐடி தெரிகிறது என்று பாருங்கள். மெயில் ஐடிக்கு பதில் 'மை காலண்டர்', 'போன்', 'டிவைஸ்' மாதிரி ஏதாவது இருந்தால், அது மொபைலை விட்டு வெளியே போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். புதிய நிகழ்ச்சிகள் தானாகப் போய்ச் சேரும் இடத்தை உங்கள் தாய் காலண்டருக்கு மாற்றிவிடுங்கள். ஐபோனில் காலண்டர் செட்டிங்ஸுக்குள் 'டிஃபால்ட் காலண்டர்' என்று இதற்குத் தனி இடமே இருக்கிறது.

இணைக்க மூன்று வழிகள்

எந்தக் கம்பெனி காலண்டராக இருந்தாலும் இணைப்பது இந்த மூன்று வழிகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. அக்கவுன்ட்டையே சேர்ப்பது: மொபைல் செட்டிங்ஸில் கூகுள் அல்லது ஆபீஸ் அக்கவுன்ட்டைச் சேர்த்து, 'காலண்டர்' என்ற பட்டனை ஆன் செய்வது. இது இருவழிப் பாதை. மொபைலில் மாற்றினால் லேப்டாப்பில் மாறும், லேப்டாப்பில் மாற்றினால் மொபைலில் மாறும். முடிந்தவரை இதையே செய்யுங்கள்.

2. லிங்க் மூலம் சப்ஸ்கிரைப் செய்வது: ஒரு காலண்டரின் ஐசிஎஸ் லிங்க்கை எடுத்து இன்னொரு காலண்டரில் ஒட்டுவது. இது ஒருவழிப் பாதை. பார்க்கலாம், திருத்த முடியாது. உடனடியாகவும் அப்டேட் ஆகாது. கூகுள் காலண்டரில் இப்படிச் சேர்த்த காலண்டரின் மாற்றங்கள் தெரிய 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். பண்டிகை நாள்கள், கிரிக்கெட் மேட்ச் அட்டவணை, காலேஜ் டைம்டேபிளுக்கு இது போதும். இன்று மதியம் மாறிய இன்டர்வியூ நேரத்துக்கு இதை நம்பாதீர்கள்.

3. ஃபைலாக இம்போர்ட் செய்வது: அதே ஐசிஎஸ்ஸை ஃபைலாக டவுன்லோடு செய்து ஏற்றுவது. இது ஜெராக்ஸ் மாதிரி. அந்த நிமிஷம் இருந்ததை அப்படியே கொண்டுவரும், அதற்குப் பிறகு ஒரிஜினல் மாறினாலும் இது மாறாது. பழைய காலண்டரைக் காலி செய்துவிட்டுப் புதியதற்குக் குடிபோகும்போது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

வேறு வேறு கம்பெனிகளின் காலண்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதற்குக் காரணம், 1998-ல் வெளியான 'ஐகேலண்டர்' என்ற பொது விதிமுறை. அதன் ஃபைல் வடிவம்தான் இந்த ஐசிஎஸ்.

மொபைலில் என்ன செய்யணும்?

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், அக்கவுன்ட்ஸ் பகுதியில் உங்கள் கூகுள் அக்கவுன்ட்டைத் திறந்து, 'அக்கவுன்ட் சின்க்'கில் காலண்டர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, கூகுள் காலண்டர் ஆப்பின் செட்டிங்ஸில் குறிப்பிட்ட காலண்டரைத் தொட்டு, அங்கேயும் சின்க் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று ஆஃப் ஆகியிருந்தாலும் வேலை நடக்காது. பேட்டரி சேவரும் சின்க்கைத் தாமதப்படுத்தலாம்.

ஐபோனில் காலண்டர் செட்டிங்ஸுக்குள் 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் கூகுளைச் சேருங்கள். பக்கத்திலேயே 'ஃபெட்ச் நியூ டேட்டா' என்று ஒன்று இருக்கும். அது 'ஆட்டோமேட்டிகலி'யில் இருந்தால், சார்ஜ் ஏறிக்கொண்டு வைஃபையும் இருக்கும்போதுதான் பின்னணியில் புதிய தகவலை எடுக்கும். 15 நிமிஷம் என்று மாற்றினால் கொஞ்சம் பேட்டரி போகும், ஆனால் தகவல் சீக்கிரம் வரும்.

ஆபீஸ் காலண்டரை என்ன செய்வது?

ஆபீஸ் அக்கவுன்ட்டை மொபைலில் சேர்க்க அனுமதி இருந்தால் சேர்த்துவிடுங்கள். சில ஆபீஸ்களில் ஐடி டீம் இதைத் தடுத்து வைத்திருக்கும். குறுக்கு வழி தேடாமல் அவர்களிடமே கேட்பது நல்லது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கு. உங்கள் சொந்தக் காலண்டரை அவுட்லுக்கில் லிங்க்காகச் சேர்த்தால், அது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மீட்டிங் வைக்கிறவர் பார்க்கும்போது நீங்கள் இன்னும் 'ஃப்ரீ'தான். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வேலை நேரத்தில் வரும் சொந்த வேலையைத் தாய் காலண்டரில் போடும்போது, உங்கள் ஆபீஸ் மெயில் ஐடியையே 'கெஸ்ட்'டாகச் சேருங்கள். ஆபீஸ் மெயிலுக்கு அழைப்பு வரும், 'அக்செப்ட்' செய்யுங்கள். அந்த நேரம் ஆபீஸ் காலண்டரிலும் பிஸி ஆகிவிடும். நேரத்தை நீங்கள் மாற்றினால் அதற்கான அப்டேட்டும் போகும். தலைப்பு ஆபீஸிலும் தெரியலாம் என்பதால், 'அப்பா கண் செக்கப்' என்று போட விருப்பம் இல்லையென்றால் 'பெர்சனல்' என்று போட்டால் போதும்.

வீட்டுக்குத் தனியா ஒண்ணு

கூகுள் காலண்டரில் 'வீடு' என்ற பெயரில் இன்னொரு காலண்டர் உருவாக்கி, கணவன், மனைவி, அண்ணன், தங்கை என யாருடன் வேண்டுமானாலும் பகிரலாம். கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்வது சுலபம். 'மாற்றங்கள் செய்யலாம்' என்ற அனுமதியையும் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒருவரே எல்லாத்தையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்! அம்மாவின் சுகர் டெஸ்ட், ஸ்கூல் ஃபீஸ் கடைசி நாள், இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் இங்கே போகட்டும்.

ஐபோனில் இந்தப் பகிர்ந்த காலண்டர் தெரியவில்லையா? பயப்படாதீர்கள். பிரவுசரில் கூகுள் காலண்டரின் 'சின்க் செலக்ட்' பக்கத்தைத் தேடித் திறந்து, அந்தக் காலண்டருக்கு டிக் போட்டு சேவ் செய்தால் வந்துவிடும்.

இதிலெல்லாம் உஷார்!

* டெலீட் செய்வதும் சின்க் ஆகும். "மொபைல்ல மட்டும்தானே அழிக்கிறேன்" என்று நினைத்து அழித்தால், எல்லா இடத்திலும் அழியும். கூகுள் காலண்டரில் தவறி அழித்ததை, 30 நாள்களுக்குள் பிரவுசரில் 'டிராஷ்' பகுதிக்குப் போய் மீட்கலாம்.

* ஒரே நிகழ்ச்சி ரெண்டு ரெண்டா தெரியுதா? ஒரே காலண்டரை அக்கவுன்ட்டாகவும் லிங்க்காகவும் சேர்த்திருப்பீர்கள். நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக அழிக்கக் கூடாது. லிங்க்காகச் சேர்த்ததை மட்டும் நீக்குங்கள்.

* ரகசிய லிங்க் சாவி மாதிரி. கூகுள் தரும் ஐசிஎஸ் ரகசிய முகவரி யார் கையில் இருந்தாலும், உங்கள் காலண்டர் முழுவதையும் படிக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டால், செட்டிங்ஸில் 'ரீசெட்' செய்யுங்கள், பழைய லிங்க் செல்லாது.

* வெளிநாட்டு மீட்டிங். லண்டனில் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் 3.30, அவர்களின் கோடைக்காலத்தில் 2.30. நீங்களே கணக்குப் போட்டு எழுதாமல், அவர்கள் அனுப்பும் அழைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் காலண்டரே பார்த்துக்கொள்ளும்.

கடைசியா ஒரு டெஸ்ட்

எல்லாம் முடிந்ததும் 'சும்மா' என்று ஒரு நிகழ்ச்சியை மொபைலில் போடுங்கள். லேப்டாப்பில் வந்ததா? அங்கே நேரத்தை மாற்றுங்கள். மொபைலில் மாறியதா? பிறகு ஓர் இடத்தில் அழியுங்கள். இன்னோர் இடத்திலும் போய்விட்டதா? மூன்றும் நடந்தால் உங்கள் சின்க் சரியாக வேலை செய்கிறது. புது மொபைல் வாங்கினாலோ பாஸ்வேர்டு மாற்றினாலோ இதே டெஸ்ட்டை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

அன்றைக்கு அப்பாவை பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஆட்டோ பிடித்து அழைத்துப்போனார். "பரவால்லப்பா, உனக்கு வேலை இருக்கும்" என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுத்த செக்கப் தேதி இப்போது என் மொபைலில் இருக்கிறது, லேப்டாப்பில் இருக்கிறது, தங்கை மொபைலிலும் இருக்கிறது. அப்பா மட்டும் வழக்கம்போல சுவர் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.