இரண்டு முறை மறைந்த ரெயில் பாதை!

மதுரையிலிருந்து மேற்கே புறப்படும் ரெயில் உசிலம்பட்டியைத் தாண்டுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை வெட்டிய வழியில் நுழைகிறது. பிறகு தேனி. கடைசியில் போடிநாயக்கனூர். மொத்தம் சுமார் 90 கிலோ மீட்டர்.

இந்தப் பாதை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை மறைந்து திரும்பி வந்தது!

மலையடிவாரச் சந்தை

போடிக்கு மேலே ஏலத் தோட்டங்கள்; தேயிலைத் தோட்டங்கள். மலைச் சரக்கு இறங்கும் ஊர் போடி. 1928-ம் ஆண்டு தென்னிந்திய ரெயில்வேயின் பாதை இங்கே வந்து சேர்ந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. அதனால் அதற்கு 'மீட்டர் கேஜ்' என்று பெயர்.

போர் கேட்ட இரும்பு

இரண்டாம் உலகப் போர் மூண்டது. இரும்புக்குத் தட்டுப்பாடு. நாட்டில் பல கிளைப் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்து, போர்த் தேவைக்கு எடுத்துக் கொண்டார்கள். 1942-ல் போடிப் பாதைக்கும் அந்தக் கதி வந்தது. ரெயில் போன ஊரில் மறுபடியும் சாலைதான் துணை.

சுதந்திரம் கிடைத்த பிறகு, 1953-54-ல் பாதையை மீண்டும் போட்டார்கள்.

மறுபடியும் நின்றது

அரை நூற்றாண்டுக்கு மேல் வண்டி ஓடியது. 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்தப்பட்டது. இம்முறை காரணம் போர் அல்ல, அகலப் பாதை. மதுரையின் மற்றப் பாதைகளில் தண்டவாள இடைவெளி 1,676 மில்லி மீட்டராகிவிட்டது. மீட்டர் கேஜ் வண்டி அதில் ஓடாது. போடியில் ஏறுகிறவர் மதுரையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டியிருந்தது.

தண்டவாளத்தை மட்டும் மாற்றினால் போதாது. பாலங்களும் கனமான வண்டியைத் தாங்க வேண்டும். கணவாயில் பாறையை இன்னும் அகலமாக உடைக்க வேண்டும். வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022 மே மாதம் தேனிக்கு ரெயில் வந்தது. 2023 ஜூன் மாதம் போடிக்கு வந்தது.

மலையில் குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. போடி மக்கள் இரண்டு தடவையும் ஏறக்குறைய அவ்வளவு காலம் காத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ரெயிலைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடும் காலம் அது!

கம்பத்துக்கு எப்போது?

போடியோடு தண்டவாளம் நின்றுவிடுகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கு ரெயில் இல்லை. நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் லாரியில்தான் போகின்றன. திண்டுக்கல்லிலிருந்து இந்தப் பக்கம் பாதை வேண்டும் என்பது பள்ளத்தாக்கு மக்களின் நெடுநாளைய கோரிக்கை.

போடிக்காரர்களுக்குப் போன ரெயில் திரும்பி வந்தது. கம்பத்துக்காரர்களோ முதல் ரெயிலுக்கே காத்திருக்கிறார்கள்.