புயலுக்கு விலை போடும் கணக்கு

வரைபடத்தில் மாமல்லபுரத்தின் மேல் விரலை வைத்து நேர் மேற்கே இழுத்துக்கொண்டு போனால், சுமார் 47 கிலோமீட்டரில் உத்திரமேரூர் வந்துவிடும். ஊரைச் சுற்றி ஏரியும் நெல்வயலும்தான். ஆனால் கட்டடப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் காற்றுவிசைத் தர ஆவணம் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) கிழக்குக் கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரையுள்ள நிலப்பட்டை முழுவதையும் புயல் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் உத்திரமேரூரும் கடலோர ஊர்தான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததும் மாமல்லபுரத்துக்கு அருகில்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டைப் புயலுக்குக் காப்பீடு செய்ய வேண்டுமென்றால், யாரோ ஒருவர் அந்தப் புயலுக்கு விலை போட வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனால், கூரை ஆணியில் தொடங்கி ஜப்பான் நிலநடுக்கம் வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் கூரை. புயல்காற்று கூரையைப் பெரும்பாலும் மேலே தூக்கித்தான் பெயர்க்கிறது. வேகமாக வரும் காற்று கூரை விளிம்பில் மோதி மேலெழும்போது கூரைக்கு மேலே அழுத்தம் குறைந்துவிடும். வீட்டுக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கதவோ ஜன்னலோ உடைந்தால், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தள்ளும். விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 180 கிலோமீட்டரானால் அது நான்கு மடங்காகி 150 கிலோவைத் தாண்டும். சென்னைக்கு அந்த ஆவணம் குறிக்கும் அடிப்படை வேகம் இந்த 180-தான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. அப்படியானால் கூரையைப் பிடித்துவைத்திருப்பது எது? கொக்கி போல வளைந்த சில ஜே-போல்ட்டுகள். வாஷர் துருப்பிடித்திருக்கிறதா, போல்ட்டுக்காகப் போட்ட துளையைச் சுற்றி ஷீட் விரிசல் விட்டிருக்கிறதா, இழுவிசை மிக அதிகமாக இருக்கும் ஓரத்திலும் மூலையிலும் போல்ட்டுகளை நெருக்கமாக அடித்திருக்கிறார்களா என்பதில்தான் வீட்டின் தலையெழுத்து இருக்கிறது. பக்கத்திலேயே தளம் போட்ட வீடு இருந்தால் அதே காற்றில் அசையாமல் நிற்கும். எந்த வேகத்தில் எந்தக் கட்டுமானம் எவ்வளவு சேதமாகும் என்ற இந்த உறவைத்தான் காப்பீட்டுத் துறையில் சேத வளைவு என்கிறார்கள்.

அடுத்தது காலக் கணக்கு. அந்த அடிப்படை வேகம், சராசரியாக ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எட்டப்படும் அல்லது மிஞ்சப்படும் வேகம். அதாவது எந்த ஓர் ஆண்டிலும் அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. கேட்க அற்பமாகத் தோன்றும். அந்த வீட்டில் முப்பது ஆண்டு குடியிருந்து பாருங்கள், ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 45!

இப்போது மையச் சிக்கலுக்கு வருவோம். ஒரு நிறுவனம் பத்தாயிரம் வீடுகளுக்குக் காப்பீடு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து வீடுகளில் தீப்பிடித்து, வீட்டுக்குப் பத்து லட்சம் போனால் மொத்தச் செலவு ஒரு கோடி. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினால் கணக்கு சரியாகிவிடும். புயலை எடுத்துக்கொண்டால், ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பத்தாயிரம் வீட்டுக்கும் தலா ஐம்பதாயிரம் ரூபாய் சேதம். மொத்தம் 50 கோடி. ஆண்டுச் சராசரி அதே ஒரு கோடிதான், பிரீமியமும் அதே ஆயிரம்தான். ஆனால் புயல் மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிட்டால்? கையில் மூன்று கோடி, கொடுக்க வேண்டியது ஐம்பது கோடி. ஊர்ச் சீட்டில் மாதம் ஒருவர் எடுப்பதால்தான் சீட்டு ஓடுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் வேண்டுமென்றால் சீட்டு நடத்துபவர் என்ன செய்வார்? சேதம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் குவியும் இந்த ஆபத்துக்கு இடர்க் குவிப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1992 ஆகஸ்டில் இதை அனுபவித்தது. ஆண்ட்ரூ சூறாவளி அடித்த சில மணி நேரத்திலேயே, கேரன் கிளார்க் என்ற பெண்மணி கணினிக் கணக்குப் போட்டு, காப்பீட்டு இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டலாம் என்று நிறுவனங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். பலர் நம்பவில்லை. கடைசியில் அது சுமார் 1,550 கோடியில் வந்து நின்றது. பல நிறுவனங்கள் திவாலாயின. இன்று அவர் வழியில்தான் உலகம் கணக்குப் போடுகிறது. கணினிக்குள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கான கற்பனைப் புயல்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எந்த வழியாகப் போகும், எந்தக் கூரையை என்ன செய்யும் என்று பார்க்கிறார்கள்.

வழி மாறினால் கதையே மாறிவிடும். 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் நகராமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மயிலம் உத்திரமேரூரிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது.

ஒரே நிறுவனம் சுமக்க முடியாத பாரத்தைப் பிரித்துக்கொள்ள மறுகாப்பீடு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களே எடுக்கும் காப்பீடு அது. இந்தியாவில் பொதுக்காப்பீட்டு பாலிசிகளின் 4 விழுக்காட்டைச் சட்டப்படி ஜிஐசி ரீ என்ற அரசு நிறுவனம் ஏற்கிறது. இன்னும் பெரிய பங்குகள் உலகச் சந்தைக்குப் போகின்றன. வங்கக் கடல் புயலும் ஜப்பான் நிலநடுக்கமும் ஒரே நாளில் வருவது அபூர்வம் என்பதால் ஒன்றின் பிரீமியம் மற்றதைத் தாங்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. புளோரிடாவில் இழப்பு பெருகினால் இங்கேயும் மறுகாப்பீட்டின் விலை ஏறக்கூடும்.

இடர்க் குவிப்பு உத்திரமேரூருக்குப் புதிதும் இல்லை. ஏரிக்கரை உடைந்தால் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் நஷ்டம். 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்தெடுத்த ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. ஊர்ச்சபையிடம் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏரியைத் தூர்வாரும் அறக்கட்டளைகளும் இங்கே கல்லில் பதிவாகியிருக்கின்றன. சேதம் வருமுன்னே பணத்தை ஒதுக்கி, சேதத்தையே குறைத்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்று? 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டு பாலிசி நாடெங்கும் கிடைக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தாலே அந்தத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் சேர்ந்துவிடும். ஆனால் அதன் விதிகளில் ஓலை, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய்க் கூரைகள் 'கச்சா' என்று தனியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. புயலில் முதலில் பறக்கும் கூரைக்குத்தான் காப்பீடு கிடைப்பதும் கடினம். குடிசை சேதமானால் பேரிடர் நிதி விதிப்படி கிடைப்பது 8,000 ரூபாய். வீடு முழுதும் இடிந்தால் 1,20,000.

அதனால்தான் 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் காப்பீட்டுத் திட்டமாகவும் பார்க்க வேண்டும் என்பேன். வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயில் சேத வளைவே மாறிவிடுகிறது. அப்படிக் கட்டி முடித்தவர்களுக்குச் சாவியோடு சேர்த்து ஒரு பாலிசியையும் அரசு கொடுக்கட்டும். மற்றவர்கள் அக்டோபர் பிறக்குமுன் ஏணி வைத்து ஏறி, ஓரத்து போல்ட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுக்கடன் இருந்தால் வங்கியிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, அதில் பொருள்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.